கடல் கடந்த சந்நியாசி: அர்ச். கொலும்பானுஸ்

நவம்பர் மாதம் 23-ம் தேதி நமது தாயாகிய திருச்சபை இரண்டு அர்ச்சியசிஷ்டவர்களை நினைவு கூருகிறது. ஒருவர் ஆதித் திருச்சபையின் பாப்பானவராகிய அர்ச். கிளமெந்து. மற்றவர் அயர்லாந்து தேசத்துச் சந்நியாசியும் மடாதிபதியுமாகிய அர்ச். கொலும்பானுஸ். இவர் பெயரை நம் பங்கு மக்களில் அநேகர் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் சனிக்கிழமை மாலையில் பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை முழங்காலிலிருந்து, தங்கள் குற்றங்களைக் குருவானவரின் செவியில் இரகசியமாய்ச் சொல்லி, அபராதம் பெற்று, சமாதானத்தோடு வீடு திரும்புகிற ஒவ்வொருவரும் இந்தச் சந்நியாசிக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான். அது எப்படியென்று பின்னால் சொல்லுவோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அயர்லாந்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பெயருடைய அர்ச்சியசிஷ்டவர்கள் இருவர் இருந்தார்கள். இலத்தீனில் மாடப்புறா என்று பொருள்படும் கொலும்பா என்பதே இருவர் பெயருக்கும் மூலம். மூத்தவர் ஸ்காத்லாந்துக்கு அருகேயுள்ள அயோனா தீவில் மடம் கட்டி 597-ல் மரித்தார். நம் சரித்திரம் இளையவரைப் பற்றியது. பழைய புத்தகங்களிலேயே இருவரையும் குழப்பி எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

கொலும்பானுஸ் அயர்லாந்தின் லென்ஸ்டர் நாட்டில் சுமார் 543-ம் ஆண்டில் பிறந்தார். அவர் வயிற்றில் இருக்கையில், தன் மார்பிலிருந்து ஒரு சூரியன் எழும்பி உலகுக்கெல்லாம் ஒளி வீசுவதாகத் தாய் கனவு கண்டாளாம். இதை நமக்குச் சொல்லுகிறவர் ஜோனாஸ் என்னும் சந்நியாசி. அர்ச்சியசிஷ்டவர் மரித்து மூன்றே வருஷத்துக்குப் பின் அவருடைய மடத்தில் சேர்ந்து, அவரோடு வாழ்ந்தவர்களை நேரில் விசாரித்து எழுதினவர். ஆகையால் இச்சரித்திரத்தின் பெரும்பகுதி காற்றில் வந்த கதையல்ல.

பையன் இலக்கணமும் வேதாகமமும் கற்றான். வாலிபனானபோது நல்ல அழகனுமானான். அழகு அவனுக்கு வினையாய் வந்தது. ஊர்ப் பெண்கள் அவன்மேல் கண் வைத்தார்கள். அவன் மனமும் கல்லாயிருக்கவில்லை. படித்த படிப்பெல்லாம் ஒரு சிரிப்பில் போய்விடுமோ என்று அஞ்சி, அருகில் தனித்துத் தபசு செய்துவந்த ஒரு பெண்துறவியின் குடிசைக்கு ஓடினான். அந்த அம்மாள் சுற்றி வளைத்துப் பேசவில்லை. தான் வீட்டைத் துறந்து பதினைந்து வருஷம் ஆகிறதென்றும், பெண்ணாய்ப் பிறந்திராவிட்டால் கடலையே கடந்து இன்னும் தூரமாய்ப் போயிருப்பாளென்றும், இளமையின் நெருப்புக்குள் நின்றுகொண்டு வேகமாட்டேன் என்பவன் தன்னையே ஏமாற்றிக் கொள்ளுகிறானென்றும் சொல்லி, ஓடிப்போ என்று புத்தி கூறினாள்.

வீட்டுக்கு வந்து தாயிடம் விடை கேட்டான். தாய் அழுதாள், கெஞ்சினாள், கடைசியில் வாசற்படியின் குறுக்கே படுத்துக்கொண்டாள். மகன் தாயைத் தாண்டி வெளியே போனான். இந்த உலகத்தில் இனி என் முகம் பார்க்கமாட்டீர்கள் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போனதாக ஜோனாஸ் எழுதுகிறார். பிள்ளை பெற்றவர்கள் இதை வாசிக்கும்போது மனம் சங்கடப்படாமல் இராது. எழுதுகிற நமக்கும் அப்படியே. அந்தத் தாயின் பெயர் சரித்திரத்தில் இல்லை. அவள் கண்ணீருக்கும் மோட்சத்தில் ஒரு கணக்கு இருக்கும் என்று நம்புவோமாக.

ஏர்ன் ஏரியின் தீவொன்றில் இருந்த சினெல் என்னும் பெரியவரிடம் வேதநூல் கற்றார். பிறகு வடக்கே பாங்கோர் மடத்தில் அர்ச். கோம்கால் என்னும் மடாதிபதியின் கையில் தம்மை ஒப்புவித்தார். அம்மடம் சுமார் 558-ல் ஏற்பட்டது. நோன்புக்கும் சங்கீதங்களை இராப்பகலாய்ப் பாடும் முறைக்கும் பேர்போனது. அங்கே குருப்பட்டம் பெற்று, மற்றவர்களுக்கு ஆசிரியராகி, நாற்பது வயதைக் கடந்தார். மற்ற யாரும் இனி இதுவே என் இடம் என்று அமர்ந்து விடுகிற வயது அது.

அந்நாட்களில் அயர்லாந்து மக்களுக்கு ஒரு விசேஷ பக்தி இருந்தது. இரத்தம் சிந்தி வேதசாட்சியாவதற்கு அத்தேசத்தில் வழியில்லை. ஏனெனில் அங்கே வேதம் பெரும்பாலும் இரத்தமின்றியே பரவிற்று. ஆகவே சொந்த ஊரையும் சொந்த இனத்தையும் என்றைக்குமாய் விட்டு, சேசுநாதருக்காகப் பரதேசியாய்ப் போவதை ஒருவகை வேதசாட்சியம் என்று எண்ணினார்கள். இதன் பாரம் இன்று நமக்கு முழுதும் விளங்காது. அந்நாட்டு முறைப்படி பந்துக்களை விட்டவனுக்குப் பாதுகாப்பில்லை. நாடுகடத்துவது கொடிய குற்றவாளிகளுக்கு விதித்த தண்டனை. அந்தத் தண்டனையைத் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார் கொலும்பானுஸ். கோம்கால் முதலில் சம்மதிக்கவில்லை. பின்பு மனமிளகி, பன்னிரண்டு சந்நியாசிகளைக் கூட்டிக் கொடுத்து ஆசீர்வதித்து அனுப்பினார். சுமார் 590-ல் அவர்கள் பிரான்சு தேசத்துக் கரையில் இறங்கினார்கள்.

பிரான்சு அப்போது கிறிஸ்தவ நாடுதான். பிராங்கு அரசனாகிய குளோவிஸ் ஞானஸ்நானம் பெற்று ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருந்தது. மேற்றிராணிமாரும் கோவில்களும் இருந்தன. ஆனால் அரச குடும்பத்தில் அண்ணனைத் தம்பி கொல்வதும், பட்டணங்களைச் சூறையாடுவதும், மனைவிமாரை மாற்றுவதும் வழக்கமாயிருந்தன. ஞானஸ்நானம் இருந்தது, மனஸ்தாபம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்.

புர்குந்தி நாட்டரசன் வோஜ் மலைக்காட்டில் அவர்களுக்கு இடம் கொடுத்தான். அன்னகிரே என்னும் இடத்தில் இடிந்து கிடந்த உரோமைக் கோட்டையே முதல் மடம். முதல் நாட்களில் காட்டுப் பூண்டுகளையும் மரப்பட்டையையும் தின்று பிழைத்தார்கள். ஒரு சகோதரர் காய்ச்சலில் கிடந்தபோது மற்றவர்கள் மூன்று நாள் உபவாசமிருந்து வேண்டிக்கொண்டார்கள். உபவாசமிராவிட்டாலும் தின்ன ஒன்றுமிருக்கவில்லை என்பது வேறு. மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஒரு மனிதன், தன் மனைவி நோயாயிருக்கிறாள், அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் குதிரைகளின்மேல் அப்பம் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

கொலும்பானுஸுக்குத் தனிமை பிடிக்கும். அடிக்கடி ஒரு புத்தகத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விடுவார். ஒருநாள் அப்படி நடந்து போகையில் பன்னிரண்டு ஓநாய்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. அவர் அசையாமல் நின்று, கட்டளைச் செபத்தின் துவக்கத்தில் ஆண்டவருடைய உதவியைக் கேட்கிற சங்கீத வசனத்தைச் சொன்னார். அவை கிட்ட வந்து அவருடைய ஆடையை மோந்து பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டன. இன்னொரு சமயம் கரடி வாழ்ந்த ஒரு குகையைத் தமக்கு வேண்டும் என்று கரடியிடமே சொல்லி வாங்கிக்கொண்டாராம். சிறுபிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல சரித்திரங்கள்.

சேருகிறவர்கள் பெருகவே, சில மைல் தூரத்தில் லுக்சேய் என்னும் இடத்தில் பெரிய மடம் கட்டினார். அது உரோமையர் காலத்து வெந்நீரூற்றுப் பட்டணம். பாழாகி, பழைய விக்கிரகங்கள் மரங்களுக்கிடையே நின்றன. அதுவும் நிரம்பி, பொந்தேன் என்னும் இடத்தில் மூன்றாம் மடம் ஏற்பட்டது. பிரபுக்களின் பிள்ளைகளும் உழவர்களின் பிள்ளைகளும் ஒரே வயலில் வெயிலில் நின்று கதிரறுத்தார்கள்.

அவர் எழுதிய ஒழுங்கு கடுமையானது. மேசைச் செபத்துக்கு ஆமென் சொல்லாதவனுக்கு ஆறடி. சங்கீதத் துவக்கத்தில் இருமிப் பாட்டைக் கெடுத்தவனுக்கு ஆறடி. இருமலுக்குமா அடி என்று நாம் கேட்கலாம். பிற்காலத்துச் சந்நியாசிகளும் கேட்டிருப்பார்கள் போலும். கொஞ்சம் கொஞ்சமாக அர்ச். ஆசீர்வாதப்பருடைய சாந்தமான ஒழுங்கை இதோடு சேர்த்து அனுசரித்து, கடைசியில் அதையே வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கடுமைக்குள்ளேதான் நாம் முன்னே சொன்ன பெரும் நன்மை இருந்தது. அக்காலத்து ஐரோப்பாவில் ஞானஸ்நானத்துக்குப் பின் பெரும் பாவம் செய்தவன் எல்லார் முன்னும் தபசுக்காரர் வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் ஆயுளில் ஒரே தடவைதான். மறுபடி விழுந்தவனுக்கு மறுபடி அந்தத் தபசு இல்லை. இதனால் என்ன நடந்தது? சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். அயர்லாந்து மடங்களிலோ வேறு வழக்கம். சந்நியாசி தன் குற்றங்களை ஆத்தும தந்தையிடம் இரகசியமாய், எத்தனை தரமானாலும் வெளியிட்டு, அந்தந்தக் குற்றத்துக்குத் தக்க அபராதத்தைப் பெறுவான். வியாதிக்குத் தக்க மருந்து என்பது அவர்கள் எண்ணம். கொலும்பானுஸ் தம் சந்நியாசிகளைத் தினந்தோறும் அப்படிச் செய்யச் சொன்னதுமல்லாமல், குருக்களுக்கும் குடும்பத்தாருக்கும் சேர்த்து ஓர் அபராதப் புத்தகமும் எழுதி வைத்தார். சுற்றுப்புறத்து ஜனங்கள் மடத்தின் வாசலில் வந்து மொய்த்தார்கள். வருஷக் கணக்காய்ப் பாவத்தைச் சுமந்து திரிந்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது.

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. 589-ல் ஸ்பானியாவில் தொலேதோ நகர்ச் சங்கம் திரும்பத் திரும்பப் பாவமன்னிப்புக் கேட்கும் வழக்கத்தைக் கண்டித்திருந்தது. ஆயினும் வழக்கம் பரவிற்று. 1215-ல் நாலாம் லாத்தரன் பொதுச்சங்கம் புத்தி விபரம் அறிந்த கிறிஸ்தவர்கள் யாவரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமென்று கட்டளையிட்டபோது, தனிப் பாவசங்கீர்த்தனம் எங்கும் வேரூன்றியிருந்தது. தேவதிரவிய அனுமானத்தை ஏற்படுத்தினவர் சேசுநாதர். அதைப் பெறும் இந்த முறையை ஐரோப்பாவெங்கும் கொண்டுபோனவர்களில் கொலும்பானுஸும் அவர் சீஷர்களும் முக்கியமானவர்கள்.

இதற்குள் அவருக்குச் சத்துருக்கள் இரண்டு பக்கத்திலும் உண்டானார்கள். முதலாவது அந்நாட்டு மேற்றிராணிமார். அயர்லாந்தார் பாஸ்குத் திருநாளைக் கணக்கிடும் முறை வேறு. ஆகவே லுக்சேயில் உபவாசம் நடக்கும்போது பக்கத்து ஊரில் அல்லேலூயா பாடின வருஷங்களும் உண்டு. கொலும்பானுஸ் இதில் பிடிவாதக்காரர். அர்ச். பெரிய கிரகோரியார் என்னும் பாப்பானவருக்கே இதைக் குறித்துத் தாராளமாய் எழுதினார். 603-ல் மேற்றிராணிமார் ஷாலோன் நகரில் கூடி அவரை அழைத்தபோது போகாமல் கடிதம் அனுப்பினார். பன்னிரண்டு வருஷமாய்த் தாங்கள் அந்தக் காட்டில் வாழ்வதையும், பதினேழு சகோதரரை அங்கே அடக்கம் செய்திருப்பதையும் சொல்லி, அந்த எலும்புகளின் அருகே மௌனமாய் இருக்கவிடும்படி மன்றாடினார். பாஸ்குக் கணக்கில் அவர் சொன்னது நிலைக்கவில்லை. திருச்சபை வேறு கணக்கையே ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தப் பதினேழு கல்லறைகளை வாசிக்கையில் யாருடைய மனம் இரங்காது?

இரண்டாவது சத்துரு அரண்மனையில் இருந்தது. புர்குந்தியின் இளம் அரசன் தெயொதெரிக் அடிக்கடி லுக்சேய்க்கு வந்து ஆசீர் கேட்பான். அவனுக்கு விவாகமான மனைவி இல்லை, வைப்பாட்டிகளிடம் பிள்ளைகள் இருந்தன. கொலும்பானுஸ் ஒவ்வொரு தடவையும் அதைக் கண்டித்து, முறையாய் விவாகம் செய்துகொள்ளச் சொன்னார். அரசனும் இளகினான். ஆனால் அவனுடைய பாட்டி புரூன்ஹில்தா இளகவில்லை. பேரனுக்கு ஒரு ராணி வந்தால் தன் அதிகாரம் போய்விடும் என்று அவள் அறிந்திருந்தாள். ஒருநாள் அவர் அரண்மனைக்கு வந்தபோது, பேரனின் பிள்ளைகளை முன்னே நிறுத்தி ஆசீர்வதிக்கச் சொன்னாள். அவர் மறுத்தார். இவர்கள் முறைகேட்டில் பிறந்தவர்கள், செங்கோல் பிடிக்கமாட்டார்கள் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னார்.

ஒரு வார்த்தை வேறுவிதமாய்ச் சொல்லியிருந்தால் மடத்துக்கு நிலமும் பொன்னும் வந்திருக்கும். இருபது வருஷத்து உழைப்பு, நூற்றுக்கணக்கான சந்நியாசிகள், அவர்களை நம்பியிருந்த ஏழைகள் எல்லாம் அந்த ஒரு ஆசீர்வாதத்தைப் பொறுத்திருந்தது. சிறு பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்பார் கேட்கலாம். ஆனால் அன்று கேட்கப்பட்டது பிள்ளைகளுக்கான ஆசீரல்ல. தகப்பனுடைய பாவத்துக்குத் திருச்சபையின் கையொப்பம். அதைக் கொடுக்க அவர் இசையவில்லை. அரசனுடைய சமையல் அறையிலிருந்து வந்த உணவையும் தொடாமல் தள்ளினார்.

முதலில் மடத்தாரோடு யாரும் பழகக்கூடாதென்று உத்தரவு பிறந்தது. பிறகு அவரை பெசான்சோன் நகரத்துக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையுச்சிக்கு ஏறிப் பார்த்தார்; காவலர் ஒருவரையும் காணோம். பட்டணத்தின் நடுவே நடந்து தம் மடத்துக்கே திரும்பிப் போய்விட்டார். கடைசியாய் 610-ல் சேவகர்கள் வந்தார்கள். அவரை வைது இழுக்கவில்லை. முழங்காலிலிருந்து, எங்கள் உயிரைக் காப்பாற்றும், நீர் வராவிட்டால் அரசன் எங்களைக் கொல்லுவான் என்று அழுதார்கள். அவர்களுக்காக இரங்கிப் புறப்பட்டார். அயர்லாந்திலிருந்தும் பிரெத்தாஞ் நாட்டிலிருந்தும் வந்தவர்கள் மாத்திரம் கூடப் போகலாம். பிரான்சில் பிறந்த சந்நியாசிகள் பின்தங்க வேண்டும் என்பது கட்டளை. தகப்பனும் பிள்ளைகளும் பிரிவது போல அது இருந்தது.

லுவார் நதியில் படகேற்றிக் கொண்டுபோனார்கள். ஓர்லெயான் பட்டணத்தில் ஆகாரத்துக்காகச் சென்ற சகோதரர்களுக்கு அரசனுக்குப் பயந்து யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. தெருவில் ஒரு சீரியா தேசத்துப் பெண் அவர்களை வீட்டுக்கு அழைத்துச் சென்று வேண்டியதைக் கொடுத்தாள். தானும் கிழக்கே தூரதேசத்திலிருந்து வந்த பரதேசிதான் என்றாள். அவள் புருஷனுக்குப் பல வருஷமாய்க் கண் தெரியாது. கொலும்பானுஸ் அவன் கண்களைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்து வேண்டிக்கொள்ள, பார்வை வந்தது. தூர் நகரத்தில் அர்ச். மார்த்தீனுடைய கல்லறையில் இராமுழுதும் விழித்திருந்தார்.

நாந்து துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. அங்கேயிருந்து தம் பிள்ளைகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அரசிக்கு அஞ்சாத இந்த மனிதர் அக்கடிதத்தில் கண்ணீரை அடக்க முயலுகிறதையும் முடியாமல் போகிறதையும் காணலாம். ஒற்றுமையாயிருங்கள், ஒற்றுமை குலைந்தால் மடத்தை விட்டு என்னிடம் வந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிறார். இதற்குள் கப்பல் ஆயத்தமென்று ஆள் வந்துவிட்டான் என்று எழுதிக் கடிதத்தை முடிக்கிறார். ஆனால் அயர்லாந்துக்கு அவர் போகவில்லை. அலை கப்பலைக் கரையிலேயே தூக்கிப்போட்டது. மூன்று நாள் நகராமலிருந்தபின், சந்நியாசிகளையும் அவர்கள் மூட்டைகளையும் இறக்கிவிட்டான் கப்பல் தலைவன். உடனே கப்பல் போய்விட்டது. திருப்பியனுப்ப வந்தவர்களும் அதன்பின் அவரைத் தொடவில்லை.

மறுபடி நாடோடி வாழ்க்கை. வடக்கே வேறு பிராங்கு அரசனாகிய குளோத்தேர் அவரை மரியாதையோடு ஏற்றான். பின்பு தெயொதெரிக்கின் அண்ணனாகிய தெயொதெபெர்த்தின் உதவியோடு ரைன் நதியில் எதிர்முகமாய்ப் படகோட்டி, இன்று சுவிட்சர்லாந்து என்னும் நாட்டுக்குள் போனார்கள். சூரிச் ஏரிக்கரையில் அவர் சீஷராகிய கல்லுஸ் அஞ்ஞானிகளின் கோவிலுக்குத் தீ வைத்துக் காணிக்கைகளை ஏரியில் எறிந்தார். ஊரார் அடித்துத் துரத்தினார்கள். இதை நாம் புகழ வேண்டியதில்லை. அந்த இடத்தில் வேதம் பரவாமல் போனதற்கு இதுவே காரணம். கொன்ஸ்தான்ஸ் ஏரியண்டை பிரேகென்சில் நிதானமாய் நடந்தார்கள். அங்கே கல்லுஸ் ஜனங்களின் பாஷையில் பிரசங்கித்தார், வலை பின்னி மீன் பிடித்தார். மற்றவர்கள் தோட்டம் போட்டார்கள். அங்கேயும் நிலைக்கவில்லை. 612-ல் தெயொதெரிக் தன் அண்ணனைப் போரில் வென்று அந்நாட்டையும் பிடித்துக்கொண்டான்.

எழுபது வயதை நெருங்கிய கிழவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியாவுக்குப் போகத் தீர்மானித்தார். புறப்படும் நாளில் கல்லுஸ் காய்ச்சலில் விழுந்தார். என்னால் நடக்கமுடியாது என்றார். கொலும்பானுஸ் நம்பவில்லை. ஏரியையும் தோட்டத்தையும் விட மனமில்லாமல் நோயென்று சாக்குச் சொல்லுகிறான் என்று நினைத்தார். பாங்கோரிலிருந்து கூட வந்தவர், எல்லாத் துன்பத்திலும் கூட நின்றவர் என்பதையும் பாராமல், நான் உயிரோடிருக்குமட்டும் நீ பூசை செய்யக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார். அர்ச்சியசிஷ்டவர்களும் தவறு செய்வதுண்டு. இது தவறென்றே நமக்குத் தோன்றுகிறது. கல்லுஸ் எதிர்த்துப் பேசவில்லை. யாரும் பார்க்காத காட்டில், கேட்பாரில்லாத இடத்தில், பூசை செய்யாமலே மூன்று வருஷம் இருந்தார்.

இத்தாலியாவில் லொம்பார்டியரின் அரசன் அகிலுல்பு ஆரிய பதிதத்தைச் சேர்ந்தவன். அரசி தெயொதெலிந்தா கத்தோலிக்கப் பெண்மணி. இருவரும் அவரை நன்றாய் நடத்தினார்கள். மிலான் நகரில் ஆரியருக்கு விரோதமாய்ப் பிரசங்கித்தும் எழுதியும் வந்தார். 613-ல் நாலாம் போனிபாஸ் பாப்பானவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. உலகத்தின் கடைக்கோடியில் வாழும் அயர்லாந்தார் அர்ச். இராயப்பர் சின்னப்பருடைய சீஷர்கள் என்றும், உரோமாபுரி தங்களுக்குப் பெரிதாயிருப்பது அந்த ஆசனத்தினிமித்தமே என்றும் அதில் பற்றுதலோடு சொல்லுகிறார். அதே கடிதத்தில், தாம் சரியாய் விசாரித்தறியாத ஒரு சர்ச்சையைக் குறித்துப் பாப்பானவருக்குப் புத்தியும் சொல்லுகிறார். இரண்டும் அவரேதான்.

அரசன் 614-ல் அப்பென்னீன் மலைகளுக்கிடையே திரெபியா ஆற்றங்கரையில் போபியோ என்னும் இடத்தைக் கொடுத்தான். அங்கே அர்ச். இராயப்பர் பேரால் பாழடைந்த ஒரு கோவில் இருந்தது. கிழவர் மற்றவர்களோடு சேர்ந்து மரம் வெட்டி, மலைச் சரிவில் உத்திரங்களைத் தோளில் சுமந்தார். சமபூமியில் முப்பது நாற்பது பேர் சுமக்கவேண்டிய பாரத்தை அவரும் இரண்டு மூன்று பேரும் இலேசாய்க் கொண்டுவந்தார்கள் என்று ஜோனாஸ் எழுதுகிறார்.

அதற்குள் பிரான்சில் எல்லாம் தலைகீழாயிற்று. 613-ல் தெயொதெரிக் வயிற்றுக்கடுப்பில் மரித்தான். மூத்த மகன் சில மாதம் அரசன் எனப்பட்டு, பின் குளோத்தேரின் கையில் கொலையுண்டான். புரூன்ஹில்தாவையும் கொடூரமாய்க் கொன்றார்கள். முழு நாட்டுக்கும் அரசனான குளோத்தேர், கொலும்பானுஸை லுக்சேய்க்குத் திரும்பும்படி அழைத்து ஆளனுப்பினான். இனி வரமாட்டேன் என்று சொல்லி, தம் பிள்ளைகளைக் காப்பாற்றும்படி மாத்திரம் கேட்டு, அரசனுடைய நடத்தையைக் கண்டிக்கிற ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்பினார். கடைசிவரை மாறவில்லை பாருங்கள்.

615-ம் ஆண்டு நவம்பர் 23-ம் தேதி போபியோவில் மரித்தார். கல்லுஸின் சரித்திரம் சொல்லுகிறபடி, அன்று விடியற்காலையில் கல்லுஸ் தம் தியாக்கோனை எழுப்பி, பூசைக்கு ஆயத்தம் செய்யச் சொன்னார். தியாக்கோன் திகைத்தார். எங்கள் தகப்பன் மரித்தார் என்று இரவில் எனக்குக் காண்பிக்கப்பட்டது, அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காகப் பூசை செய்யவேண்டும் என்றார் கல்லுஸ். தியாக்கோனை மலை கடந்து போபியோவுக்கு அனுப்பி விசாரித்தபோது நாளும் நேரமும் ஒத்திருந்தன. போபியோவின் சகோதரர்கள் ஒரு கடிதத்தையும் ஒரு கோலையும் கொடுத்தனுப்பினார்கள். அது கொலும்பானுஸின் கைக்கோல். கல்லுஸுக்கு மன்னிப்பின் அடையாளமாய் அதைக் கொடுக்கவேண்டுமென்று சாகுமுன் சொல்லியிருந்தாராம்.

கல்லுஸின் குடிசை இருந்த இடத்தில் பிற்காலத்தில் பெரிய மடமும் சாங்கு கல்லென் என்னும் பட்டணமும் எழும்பின. லுக்சேயிலிருந்து சந்நியாசிகள் போய்ப் பிரான்செங்கும் மடங்களை ஏற்படுத்தினார்கள். ரெமிர்மோன், பார்மூத்தியே முதலான கன்னியர் மடங்களும் அந்த வேரில் முளைத்தவையே. போபியோ புத்தகங்களுக்குப் பேர்போனது. அங்கே தோல் ஏடு அருமையாயிருந்ததால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாய் எழுதுவதுண்டு. 1819-ல் வத்திக்கான் நூலகத்தில் அஞ்சலோ மாயி என்னும் குருவானவர், போபியோவிலிருந்து வந்த அர்ச். அகுஸ்தீனுடைய சங்கீத வியாக்கியானத்தின் ஏடுகளைச் சோதிக்கையில், அடியில் மங்கலாய் வேறெழுத்து தெரிந்தது. அது உரோமைப் பேச்சாளர் சிசேரோ குடியரசைப் பற்றி எழுதி, உலகம் தொலைந்ததென்று நினைத்திருந்த நூல்.

நம் காலத்துக்கு அருகிலும் அவர் பெயர் எழும்பிற்று. 1950-ம் ஆண்டு ஜூலை மாதம் லுக்சேயில் அவருக்காக ஒரு மாநாடு கூடியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தே வருஷம். பிரான்சு தேசத்து வெளிநாட்டு மந்திரியாகிய ரோபர் ஷூமான், சண்டையிட்ட தேசங்களை ஒன்றுசேர்க்க உழைத்துவந்தவர், அங்கே வந்து, ஐரோப்பாவை ஒன்றாக்க முயலுகிறவர்களுக்கெல்லாம் கொலும்பானுஸ் பாதுகாவலர் என்று பேசினார். பாப்பானவரின் ஸ்தானாபதியாக அங்கே உட்கார்ந்திருந்தவர் ரொன்கல்லி ஆண்டவர். எட்டு வருஷத்துக்குப் பின் 23-ம் அருளப்பர் என்னும் பாப்பானவரானார். ஷூமான் சங்கைக்குரியவர் என்று 2021-ல் திருச்சபையால் அறிவிக்கப்பட்டார்.

1916-ல் அயர்லாந்துக் குருக்கள் சிலர் சீன தேசத்து வேதபோதகத்துக்காக ஒரு சபையை ஆரம்பித்து, அதற்கு அர்ச். கொலும்பானுஸ் பெயரையே வைத்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் எட்வர்ட் கால்வின் சுவாமி. ஹான்யாங் நகருக்கு மேற்றிராணியாராகி, வெள்ளத்திலும் யுத்தத்திலும் ஜனங்களோடு இருந்து, 1952-ல் கம்யூனிஸ்ட் அரசாங்கத்தால் வெளியேற்றப்பட்டார். 1956-ல் அயர்லாந்தில் மரித்தார். கொரேயா, பிலிப்பைன், பர்மா தேசங்களிலும் அச்சபையார் உழைத்தார்கள். 1950-ல் கொரேயா யுத்தம் மூண்டபோது தங்கள் மந்தையை விட்டுப் போகாமல் உயிரிழந்தவர்களும் அவர்களில் உண்டு.

போபியோ மடத்தைப் பிரஞ்சுக்காரர் 1803-ல் மூடிவிட்டார்கள். சந்நியாசிகள் இல்லை, கோவில் இருக்கிறது. அதன் அடியிலுள்ள நிலவறையில், 1480-ல் செதுக்கிய வெண்பளிங்குப் பெட்டிக்குள் கொலும்பானுஸின் எலும்புகள் இருக்கின்றன. அவருக்குப் பின் மடாதிபதிகளாயிருந்த அத்தலாவும் பெர்த்துல்பும் அதே அறையில் அவரண்டை இளைப்பாறுகிறார்கள்.